சோறு போடாத மனுசி

கிருஷ்ணராசா சிவப்பு பஸ் ஓட்டத் தொடங்கிய பிறகுதான் யோகமலருக்குத் தன் புருசன் திரும்பக் கிடைத்தார். அதற்கு முந்திய இரண்டு வருசத்தைப் பற்றி அவள் ஒருவரோடும் கதைப்பதில்லை. ஜெர்மனியில் நன்றாகத்தான் இருந்தார்கள். மகள் லோஜினிக்கு ஆங்கிலப் படிப்பு வேண்டும் என்று லண்டனுக்கு வந்தார்கள். வந்த கையோடு வேலை கிடைத்த களஞ்சியமும் பூட்டுப்பட்டுப் போயிற்று. மனுசன் ரெய்னர்ஸ் லேன் வீட்டின் முன்னறையில் திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டு இருந்தார். இருந்தார் என்றால் சும்மா இருந்ததுதான். பகலும் ரிவி, இரவும் ரிவி. ஏதும் கேட்டால் பதில் இல்லை, கேட்காவிட்டால் கோபம். பிறகு யாரோ சொல்லி பஸ் பயிற்சிக்குப் போய், இரண்டாம் முறை சோதனை பாஸ் பண்ணி, சீருடையோடு வந்து நின்ற அன்று அவரே அந்தத் திரைச்சீலையை விலக்கினார். யோகமலர் குசினிக்குள் போய் நின்று அழுதாள். அழுகை முடிய மீன் பொரித்தாள்.

ஆகவே 2004 புரட்டாதியில் டொக்டர் நரசிம்மன் இன்சுலின் என்ற சொல்லை எடுத்தபோது அவளுக்கு ஊசி கண்ணில் தெரியவில்லை. அந்த முன்னறைதான் தெரிந்தது.

நரசிம்மன் கும்பகோணம் பக்கத்துக்காரர். முட்டை வெந்த தண்ணீரைக்கூடத் தொடாத சைவம். ஆனால் நோயாளிகளைப் பார்த்து மீன் தின்னுங்கள், முட்டை தின்னுங்கள் என்று சொல்லும் துணிச்சல் அவருக்கு இருந்தது. அந்த நாளில் சீனி வருத்தக்காரருக்கு எங்கே போனாலும் ஒரே புத்திதான்: தவிட்டுப் பாண் சாப்பிடு, வேளைக்கு வேளை சாப்பிடு. நரசிம்மனுக்கும் சீனி வந்து, அந்தப் புத்தி தன் உடம்பில் எடுபடாமல் போக, அவர் தானே வேறு வழி பார்த்தவர்.

"பாருங்க கிருஷ்ணராஜா," என்றாராம். "மாத்திரை ரெண்டும் ஃபுல் டோஸ். இதுக்கு மேல இன்சுலின்தான். இன்சுலின் ஆரம்பிச்சா பஸ் லைசென்ஸ் போயிடும், இந்த ஊர்ச் சட்டம் அப்படி. மூணு மாசம் பார்ப்போம். மாவுச்சத்தை அடியோட நிறுத்துங்க."

கிருஷ்ணராசா எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டு வந்து, சப்பாத்தைக் கழற்றமுதலே குசினி வாசலில் நின்று தீர்ப்புச் சொன்னார்.

"மலர், இண்டையிலையிருந்து இந்த வீட்டிலை மா இல்லை."

"என்ன மா?"

"எந்த மாவும். அரிசிமா, கோதுமைமா, உளுத்தமா. மாவிலை செய்த சாமான் ஒண்டும் தொடப்படாதாம். புட்டில்லை, இடியப்பமில்லை, பாண் றொட்டி ஒண்டுமில்லை."

"அப்ப சோறு?"

"சோறு மாவே? சோறு அரிசியெல்லே."

யோகமலர் அகப்பையோடு யோசித்தாள். "அரிசியை இடிச்சால்தானேப்பா மா?"

"இடிச்சால் மா. நாங்கள் இடிக்கேல்லையே," என்றார் அவர். அதற்கு மேல் அவளால் வாதாட முடியவில்லை. டொக்டரிடம் போய் வந்தவர் அவர்.

அன்றே போத்தல் போத்தலாக இருந்த வறுத்த அரிசிமாவை எல்லாம் பக்கத்துத் தெரு மெற்றில்டாவுக்குக் கொடுத்துவிட்டாள்.  புட்டுக்குப் பதிலாக இரவும் சோறு. பாணுக்குப் பதிலாகக் காலையிலும் சோறு. விடியற்புற ஷிப்டுக்குப் போகிற மனுசன் பழஞ்சோற்றில் தயிரை ஊற்றிப் பிசைந்து, "மருந்துச் சாப்பாடு" என்று சொல்லிக்கொண்டு இரண்டு கோப்பை தின்றார். வாழ்நாளில் இப்படி ஒரு விசுவாசமான நோயாளியை நரசிம்மன் கண்டிருக்க மாட்டார்.

மார்கழியில் இரத்தம் எடுத்துப் பார்த்தால் சீனி இறங்கவில்லை, ஏறி நின்றது. இந்த முறை யோகமலரும் கூடப் போயிருந்தாள். நரசிம்மன் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"மாவுச்சத்தை நிறுத்தினீங்களா, இல்லையா?"

"முழுக்க நிப்பாட்டிட்டன் டொக்டர். ஒரு துண்டு பாண் தொடேல்லை."

"அப்புறம் என்னதான் சாப்பிடுறீங்க?"

"சோறு மட்டும்தான்," என்றார் கிருஷ்ணராசா, மெடல் வாங்கப் போகிறவர்போல நிமிர்ந்து.

 நரசிம்மன் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். "ஐயோ சார்! சாதம்தான் சார் மாவுச்சத்து! சாதம், இட்லி, தோசை, உருளைக்கிழங்கு, எல்லாமே மாவுச்சத்து!"

"நீங்கள் மா எண்டுதானே சொன்னனீங்கள்."

"உங்க ஊர்ல இதுக்கு என்னதான் பேர் சொல்லுவீங்க?"

கிருஷ்ணராசா மனைவியைப் பார்த்தார். அவள்தான் மெல்லச் சொன்னாள்: "சாப்பாடு எண்டு சொல்லுவம், டொக்டர்."

நரசிம்மன் சிரித்துவிட்டார். சிரித்து முடிய முகம் மாறியது. "அம்மா, இதுதான் கடைசி சான்ஸ். மாசிக் கடைசியில இன்னொரு டெஸ்ட். அதுலயும் இப்படியே இருந்தா நான் ஊசி எழுதித்தான் ஆகணும். இவர் கண்ணு, கிட்னியெல்லாம் பாக்கணுமே. காய்கறி, முட்டை, மீன், தேங்காய், வெண்ணெய், இதெல்லாம் சாப்பிடட்டும். மாத்திரையில ஒண்ணைப் பாதியாக் குறைக்கிறேன், இல்லேன்னா சுகர் ரொம்ப இறங்கிடும். வாராவாரம் எனக்கு போன் பண்ணணும்."

"ஓம் டொக்டர்," என்றாள். அந்த ஓம் புருசன் சொல்லும் ஓம்போல இல்லை.

வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. பஸ் தரிப்பில் நிற்கும்போது கிருஷ்ணராசா அவள் காதுக்குள் சொன்னார்: "ஒரு விசயம். சீனி எண்டு ஒருத்தருக்கும் மூச்சு விடப்படாது."

"டிப்போவுக்குத் தெரியும்தானே? லைசென்ஸ் கந்தோருக்கும் நீங்களே எழுதிப் போட்டனீங்கள்."

"அரசாங்கத்துக்குத் தெரிஞ்சால் பரவாயில்லையப்பா. சொந்தக்காரருக்குத் தெரியப்படாது. நாளைக்கு லைசென்ஸ் போச்செண்டால், ஆளாளுக்கு வந்து சோபாவிலை இருந்து துக்கம் விசாரிப்பினம். சத்தியம் பண்ணும்."

பண்ணினாள். அந்தச் சத்தியம் எங்கே கொண்டுபோய் விடும் என்று தெரிந்திருந்தால் நிச்சயம் பண்ணியிருக்க மாட்டாள்.

யோகமலருக்கு வேலை சவுத்தால் பக்கத்தில் ஒரு சாண்ட்விச் தொழிற்சாலையில். தலையில் வலைத்தொப்பி, காலில் றப்பர் சப்பாத்து, குளிரறைக்குள் நின்று பாணுக்கு வெண்ணெய் பூசுகிற வேலை. நாள் முழுக்கப் பாண் கண்முன்னால் ஓடும். வேலை முடிய வந்து, பாணும் சோறும் இல்லாமல் ஒரு ஆம்பிளையின் வயிற்றை நிரப்ப வேண்டும். முதற்கிழமை பெரிய கூத்தாக இருந்தது. கத்தரிக்காய் பொரித்த குழம்பு, கோவா இலை அரிந்த வறை, விளமீன் பொரியல் எல்லாம் மேசையில் வைத்தாள். கிருஷ்ணராசா கை கழுவிவிட்டு வந்து இருந்து, சுற்றிவரப் பார்த்தார்.

"கறி எல்லாம் வந்திட்டுது. சோறு எங்கை?"

"இதுதான் சாப்பாடு."

"இதைத் தொட்டு எதைத் தின்னுறது?"

"மீனைத் தொட்டுக் கோவாவைத் தின்னுங்கோ. கோவாவைத் தொட்டு மீனைத் தின்னுங்கோ."

தின்றார். நாலு நாள் தலையிடி. அம்மன் சிலைக்கு முன்னால் முறையிட வந்தவரின் முகத்தோடு வேலைக்குப் போய் வந்தார். பஸ்ஸில் ஒரு வெள்ளைக்காரக் கிழவி பிறேக்கைப் பற்றி முறைப்பாடு சொன்னாளாம். யோகமலர் வாராவாரம் நரசிம்மனுக்கு போன் பண்ணினாள். "நிறைய தண்ணி, கொஞ்சம் உப்பு, சரியாயிடும்" என்றார் அவர். சரியாகத்தான் போயிற்று. பிறகு யோகமலருக்குக் கைவந்தது. கோலிபிளவரைத் திருவுபலகையில் திருவி, தேங்காய்ப்பூப் போட்டு, புட்டு அவிக்கிற நீத்துப்பெட்டியில் அவித்தாள். ஆவி பறக்க இறக்கி, சம்பலும் சொதியும் பக்கத்தில் வைத்தாள். கிருஷ்ணராசா ஒரு வாய் வைத்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"மலர், இது களவுப் புட்டு."

"பிடிச்சிருக்கோ?"

"புட்டெண்டு நினைச்சால் பிடிக்கேல்லை. நினைக்காட்டில் நல்லாயிருக்கு."

சுறாவை அவித்து உதிர்த்து வறை வறுத்தாள். கணவாய்க்கறி வைத்தாள். குசினியில் மீன் பொரிய மேலே புகை அலாரம் கத்தும், அவர் துவாயை எடுத்து அதற்கு விசிறுவார், இருவரும் சிரிப்பார்கள். உலைப்பானை மட்டும் அடுப்பில் ஏறவில்லை; லோஜினியும் வெளியூரில் கம்பஸ் விடுதியில்தான் இருந்தாள். காற்சட்டை இடுப்பில் நிற்க மறுத்தது. பெல்ட்டுக்கு அவரே ஆணியால் புது ஓட்டை போட்டார். அவளுக்குச் சந்தோசம்தான், ஆனால் மாசிச் சோதனைக்கு இன்னும் எத்தனை நாள் என்று எண்ணிக்கொண்டே இருந்தாள்.

ஊர்வாய் சும்மா இருக்குமா? ரெய்னர்ஸ் லேன் ஸ்டேசனுக்குக் கிட்ட விஜயரத்தினம் அண்ணையின் பலசரக்குக் கடை. மாதம் தவறாமல் அங்கே சிவப்பரிசி மூட்டை தூக்குகிற வீடு, மார்கழிக்குப் பிறகு ஒரு கிலோ அரிசிகூட வாங்கவில்லை. அவர் கண்ணுக்கு இது தப்புமா? தேங்காயும் முட்டையுமாகத் தூக்கிக்கொண்டு போகிற கிருஷ்ணராசாவை ஒருநாள் மடக்கினார்.

"என்ன தம்பி, மெலிஞ்சு போனாய்? வீட்டிலை அரிசி முடியேல்லையோ?"

சீனி என்று சொல்ல வாய் வரவில்லை. கிருஷ்ணராசா பகிடி விட்டுத் தப்பப் பார்த்தார். "அதையேன் கேக்கிறியள் அண்ணை. மலர் இப்ப சோறு போடுறேல்லை."

சொன்னவர் சிரித்துக்கொண்டு போய்விட்டார். கேட்டவர் சிரிக்கவில்லை. எங்கள் ஆட்களிடம் ஒரு மனுசி புருசனுக்குச் சோறு போடுகிறாளில்லை என்றால் அது சோற்றைப் பற்றிய கதையா? அந்த வசனம் ஸ்ட்ரெதத்தில் இருக்கும் கிருஷ்ணராசாவின் தமக்கை நகுலேஸ்வரியின் காதுக்குப் போய்ச் சேரும்போது கையும் காலும் முளைத்திருந்தது. கிருஷ்ணராசா ஹோட்டலில் தின்கிறாராம், தனி அறையில் படுக்கிறாராம், பாதி உடம்பாய்ப் போனாராம்.

மாசிக் கடைசியில் ஒரு வியாழக்கிழமை. வானம் காலையிலிருந்தே கறுத்து, பனி விழுவதா மழை பெய்வதா என்று முடிவெடுக்காமல் நின்றது. சோதனை முடிவு கேட்கக் கிருஷ்ணராசா தனியேதான் போனார். "நீர் வந்து பக்கத்திலை இருந்தால் எனக்கு இன்னும் நெஞ்சு இடிக்கும்," என்று சொல்லிவிட்டார். யோகமலர் கழுவிய கோப்பையையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டு நின்றாள். வாசல் மணி அடித்தது.

நகுலேஸ்வரி நின்றாள். கையில் துவாயால் சுற்றிய ஒரு பெரிய சட்டி. பின்னால் அவளுடைய புருசன் சண்முகராசா, ஒரு மாதத்துக்குத் தேவையான சொற்களை ஒரு வருசத்திலும் செலவழிக்காத மனுசன். அவருக்கும் பின்னால், சமாதானம் பேசுகிற முகத்தோடு விஜயரத்தினம்.

"வாங்கோ மச்சாள், சொல்லாமல் கொள்ளாமல்..."

"சொன்னால் நீ ஒளிச்சுப் போடுவாய். தம்பி எங்கை?"

"வெளியிலை போயிட்டார்."

"சாப்பிட்டிட்டே போனவன்?"

"ஓம் மச்சாள்."

"என்ன சாப்பிட்டவன்?"

யோகமலர் எச்சிலை விழுங்கினாள். "மீன்."

"மீனோடை?"

"முட்டை."

"முட்டையோடை?"

"கீரை."

நகுலேஸ்வரி நெஞ்சில் ஒரு அடி அடித்து சோபாவில் இருந்தாள். "கேட்டியளே! நான் தூக்கி வளத்த பிள்ளை! ஒரு பிடி சோத்துக்கு வழியில்லாமல் கீரை தின்னுது!"

விஜயரத்தினம் தொண்டையைச் செருமினார். "தங்கச்சி, குடும்பமெண்டால் மனஸ்தாபம் வரும், போகும். கோவமெண்டால் கதையாமல் விடு, நாலு பேச்சுப் பேசு. அதுக்காகச் சோத்தை நிப்பாட்டுறதே?"

"ஆர் உங்களுக்குச் சொன்னது அண்ணை?"

"அவனே தன்ரை வாயாலை சொன்னவன். கடை வாசலிலை வைச்சு."

யோகமலருக்குச் சுள்ளென்று உறைத்தது. குளிரறையில் நின்று கை விறைக்க வேலை செய்துவிட்டு வந்து, கோலிபிளவர் திருவி விரலைச் சீவிக்கொண்டது இந்தப் பெயர் எடுக்கவா? ஒரு வார்த்தை சொன்னால் போதும், மூன்று பேர் வாயும் அடைத்துவிடும். நாக்கு நுனிவரை வந்தது. சத்தியத்தை நினைத்தாள். அதைவிட, இப்போது அங்கே டொக்டர் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறாரோ என்று நினைத்தாள். ஊசி என்று சொல்லியிருந்தால் மனுசன் இந்தக் கூட்டத்துக்குள்தான் வந்து நுழையப்போகிறார். வாயை இறுக மூடிக்கொண்டாள்.

"பாத்தியளே, பதில் வருகுதே?" என்றாள் நகுலேஸ்வரி.

கதவு திறக்கும் சத்தம் கேட்டது. கிருஷ்ணராசா உள்ளே வந்தார். தலையெல்லாம் மழைத் துளி, முகமெல்லாம் சிரிப்பு. "மலர்!" என்று கத்திக்கொண்டு வந்தவர், சோபாவில் இருந்த தமக்கையைக் கண்டதும் பஸ் பிறேக் போட்டதுபோல நின்றார். சிரிப்பு மட்டும் நிற்கத் தெரியாமல் முகத்தில் தொங்கியது.

"ஐயோ என்ரை ராசா!" நகுலேஸ்வரி எழும்பி அவர் கன்னத்தைத் தடவினாள். "எலும்பும் தோலுமாப் போனியேடா! கையைக் கழுவு. இல்லை, கழுவாட்டிலும் பரவாயில்லை, நான் தாறன்."

துவாயை அவிழ்த்தாள். சட்டிக்குள் சிவப்பரிசிச் சோறு. பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, வெந்தயக் குழம்பு எல்லாம் ஒன்றாக விட்டுக் குழைத்துக்கொண்டே வந்திருந்தாள். வாசம் முன்னறை முழுக்கப் பரவியது. சட்டிக்குள் கையை விட்டு ஒரு உருண்டை திரட்டி, தம்பியின் வாய்க்கு நேரே நீட்டினாள்.

"ஆ எண்டு."

கிருஷ்ணராசா உருண்டையைப் பார்த்தார்.  பிறகு யோகமலரைப் பார்த்தார். அவள் முகத்தில் என்ன இருந்ததோ, அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"அக்கா," என்றார். "எனக்குச் சீனி."

"என்ன?"

"சீனி வருத்தம். கூடிப்போய் ஊசி போட வேணுமெண்ட நிலை. ஊசி போட்டால் பஸ் ஓட ஏலாது. உங்களுக்கெல்லாம் தெரிஞ்சால் வெக்கமெண்டு மலரிட்டைச் சத்தியம் வாங்கினது நான். கடையிலை விசர்க்கதை கதைச்சதும் நான்தான்." கோட்டுப் பையிலிருந்து சோதனைத் தாளை எடுத்தார். "இப்ப டொக்டரிட்டையிருந்து வாறன். பத்தரையிலை நிண்ட சீனி ஏழுக்கு வந்திட்டுது. ஊசி இல்லை. லைசென்ஸ் இருக்கு. இவள் எனக்குச் சோறு போட்டிருந்தால் நான் இண்டைக்கு இந்த அறைக்குள்ளையே திரும்பவும் இருந்திருப்பன்."

யோகமலர் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.  ஏழு என்ற அந்த ஒரு சொல்லைத் தவிர வேறொன்றும் அவள் காதில் விழவில்லை.

 முதலில் வாயைத் திறந்தது சண்முகராசா. எல்லோரும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள்.

"பத்தரையோ? எனக்கு ஒன்பதரை."

"என்னது?" என்றாள் நகுலேஸ்வரி.

"சீனி. நீ பயப்பிடுவாய் எண்டு சொல்லேல்லை."

நகுலேஸ்வரி அவரை முறைத்தாள். முறைத்தபடியே அவள் முகம் சிவந்தது. "எனக்கும்தான்," என்றாள் குரலை இறக்கி. "ரெண்டு வருசமாக் குளிசை போடுறன்."

"அது விற்றமின் எண்டனீ!"

"உங்களுக்கென்னத்துக்கு வீண் கவலை எண்டு..."

எல்லோரும் ஒருமிக்க விஜயரத்தினத்தைப் பார்த்தார்கள். அவர் மின்விளக்கைப் பார்த்தார். பிறகு கூரையின் மூலையைப் பார்த்தார். வேறு பார்க்க இடமில்லை.

"நான் ஊசி," என்றார். "கடைக்குப் பின்னுக்கு, அரிசி மூட்டைக்கு மறைவிலை நிண்டு குத்துறனான்."

கிருஷ்ணராசாதான் முதலில் சிரித்தார். பிறகு சண்முகராசா வயிற்றைப் பிடித்துக்கொண்டார். விஜயரத்தினம் கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "தங்கச்சி, அந்தக் கோலிபிளவரை என்ன செய்யிறனீ? தேங்காய்ப்பூ எவ்வளவு?"

"நான் அறியேல்லை, என்னை மன்னிச்சுக்கொள் பிள்ளை," என்றாள் நகுலேஸ்வரி. குழைத்த உருண்டை இன்னும் அவள் கையில்தான் இருந்தது. தம்பிக்கு நீட்ட ஏலாது. புருசனுக்கு நீட்ட ஏலாது. விஜயரத்தினம் நீட்டமுதலே கையைக் கட்டிக்கொண்டார். தன் வாயில் போடவும் பயம். சட்டி நிறையச் சோறு, அறை நிறையச் சனம், தின்ன ஒரு ஆள் இல்லை. "இதை இனி என்ன செய்யிறது?" என்று நாலு பக்கமும் பார்த்தாள்.

"இஞ்சை தாங்கோ மச்சாள்," என்றாள் யோகமலர். "எனக்குச் சீனி இல்லை."

வந்து உள்ளங்கையை நீட்டினாள். உருண்டை கையில் விழுந்தது. முழுதாக வாயில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். கிருஷ்ணராசா அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மலர்... நீரும் இவ்வளவு நாளும் சோறு தின்னேல்லையோ?"

"எனக்கெண்டு தனிய உலை வைக்கிறதே?"

 அவளுக்கு வாய் நிறையச் சோறு, கண் நிறையத் தண்ணீர். வெந்தயக் குழம்பில் கொஞ்சம் உறைப்புக் கூடத்தான். விழுங்கிவிட்டு, திரும்பவும் கையை நீட்டினாள்.

"மற்றதையும் தாங்கோ மச்சாள். கொஞ்சம் பெரிசாத் திரட்டி."